தேட்டம் தணியும் கூடம்

பெருங்குடியில் இருந்த அந்த இருபத்திரண்டு மாடிக் கட்டடத்துக்குள் ஜெசிந்தா முதன்முதலாக நுழைந்தபோது அவள் கையில் வரைபடம் எதுவும் இல்லை. மக்ரூன் டப்பா ஒன்றுதான் இருந்தது. மகள் ஃபபியோலா அங்கே பதினான்காம் மாடியில் வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. தூத்துக்குடியிலிருந்து ரயிலேறி வந்தவள், கீழ்க்கூடத்தில் நாற்பது நிமிடம் நின்றாள். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. தரை, சுவர், தூண் எல்லாம் கறுப்புக் கிரானைட். குளிர்காற்று மேலிருந்து நேராக உச்சந்தலையில் இறங்கியது. அட்டை காட்டினால் மட்டும் திறக்கிற கண்ணாடிக் கதவுகளுக்கு அந்தப் பக்கம் மகளின் உலகம் இருந்தது.

ஃபபி இறங்கி வந்தாள். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டு நான்கு நிமிடம் நின்றாள். "யம்மா, உன்ன ரொம்பத் தேடுதும்மா" என்றாள். தூத்துக்குடிப் பக்கம் ஒருவரை நினைத்து ஏங்குவதை அப்படித்தான் சொல்வார்கள். அழுகையை அடக்கப் பார்த்தாள். அதற்குள் வரவேற்பு மேசையிலிருந்த பெண், "மேம், விசிட்டர்ஸ் இங்க ரொம்ப நேரம் நிக்கக்கூடாது" என்றாள். அம்மாவும் மகளும் பிரிந்தார்கள்.

ஜெசிந்தாவின் கணவர் கப்பலில் எஞ்சினியர். வருடத்தில் பத்து மாதம் கடலில். ஃபபி அவள் ஒற்றை ஆளாக வளர்த்த பிள்ளை. தூத்துக்குடியில் வீட்டோடு ஒட்டிய சின்ன அலுவலகம் வைத்து, பள்ளிக்கூடங்களும் மாதா கெபிகளும் ஐஸ் கம்பெனிகளும் வரைந்து கட்டிக்கொடுத்து வந்தவள் அவள். அப்படிப்பட்டவள் மறு வருடம் சென்னைக் கட்டடத்தின் கீழ்க்கூடத்தை மாற்றியமைக்கும் போட்டிக்கு வரைபடம் அனுப்பினாள் என்றால், அந்த நாற்பது நிமிடத்தைத் தவிர வேறு காரணம் கிடையாது. ஒரு அம்மா தன் மகளோடு உட்கார்ந்து பேச அந்தக் கட்டடத்தில் ஓர் இடம் வேண்டும் என்று நினைத்தாள். அவ்வளவுதான்.

வரைபடம் தேர்வானது. கிரானைட்டைப் பெயர்த்து, ஐந்தடி ஆழத்துக்கு மண் நிரப்பினாள். புன்னையும் பூவரசும் நீர்மருதும் வைத்தாள். மொட்டைமாடியில் சேரும் மழைநீர் சுவர் வழியாக இறங்கி, கூடத்தின் குறுக்கே ஒரு முழ அகலத்தில் ஓடும்படி வாய்க்கால் வெட்டினாள். தெருப்பக்கக் கண்ணாடிச் சுவரில் பாதியை எடுத்துவிட்டாள். வெயிலில் வருகிற யாரும், பஸ்ஸுக்கு நிற்பவர்கள், சாப்பாடு கொண்டுவருகிறவர்கள், பிள்ளைகளைப் பார்க்க வந்த பெற்றோர், உள்ளே வந்து உட்காரலாம். இதற்கெல்லாம் நிறுவனம் தலையாட்டியது. ஒரே ஒரு நிபந்தனை வைத்தது. இருக்கைகளை நிஜாமுதீன் என்ற பொறியாளர் செய்வார்.

நிஜாமுதீன் அவள் ஊர்ப்பக்கம், மேலப்பாளையத்துக்காரன். முப்பத்தைந்து வயது இருக்கும். ஊர்ப்பேச்சைக் கேட்டதும் முதல் நாளே 'அக்கா' என்று ஒட்டிக்கொண்டான்.

"என்ன தம்பி செய்யும் உன் இருக்கை?" என்று கேட்டாள்.

"காலுக்கடியில நாடி பாக்கும். பக்கத்து இலைகளுக்கு நடுவுல மூச்ச அளக்கும். பெறவு ஒண்ணொண்ணா குடுத்துப் பாக்கும். கொஞ்சம் வாசனை, கொஞ்சம் சத்தம், காத்து, வெளிச்சம். எது பட்டா ஆளு அடங்குதாங்களோ அத வச்சுக்கிடும், மத்தத விட்டுரும். மூணு வாரத்துல ஒவ்வொருத்தருக்கும் அவுங்கவுங்களுக்கு உள்ளத கண்டுபுடிச்சிரும். சத்தம் பக்கத்துல இருக்கவனுக்குக்கூட கேக்காது."

"மனச படிக்குதுன்னு சொல்லு."

"அய்யய்ய, இல்லக்கா. அதுக்கு மனசுன்னா என்னன்னே தெரியாது. எதுக்காக அடங்குதாங்கன்னும் தெரியாது. நாடி எறங்குனா சரி, ஏறுனா தப்பு. அவ்வளவுதான் அதோட படிப்பு."

அவன் சோதனைக்காக உட்கார்ந்த இருக்கை அவனுக்குக் கொடுத்தது ரெக்சின் வாசனையும் பசை வாசனையும் கத்தரிக்கோல் சத்தமும். அவன் வாப்பா ஆட்டோ சீட்டு தைக்கிறவர். "பாருங்கக்கா, நான் இத யார்ட்டயும் சொன்னதே இல்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். ஜெசிந்தாவுக்கு அந்த இருக்கைகள் பிடிக்கவில்லை. மரமும் தண்ணீரும் போதும் என்று அவள் நினைத்தாள். ஆனால் நிபந்தனை நிபந்தனைதான். அறுபது இருக்கைகளைச் செடிகளுக்கு நடுவே பொருத்தி வரைந்து கொடுத்தாள்.

திறப்பு விழா அன்று ஃபபி கீழே ஓடிவந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள். இரண்டு பேரும் வாய்க்கால் ஓரத்தில் காலை நனைத்தபடி ஒரு மணி நேரம் பேசினார்கள். யாரும் எழுந்து போகச் சொல்லவில்லை. தன் வாழ்நாளில் கட்டிய எல்லாவற்றையும்விட இதுதான் சரியாக வந்திருக்கிறது என்று ஜெசிந்தாவுக்குத் தோன்றியது.

அதன்பிறகு நடந்தது மெதுவாக நடந்தது.

ஃபபி தினமும் மாலை கூப்பிடுவாள். "சாப்பாடு எறங்க மாட்டேங்குதும்மா" என்பாள். "எப்பம் வருவ?" என்பாள். ஒரு மாதம் கழித்து அது இரண்டு நாளுக்கு ஒருமுறை ஆனது. பிறகு வாரம் ஒருமுறை. குரலில் அழுகை இல்லை. நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். பிள்ளை ஊரோடு ஒத்துப்போய்விட்டாள் என்று ஜெசிந்தா மாதாவுக்கு மெழுகுவத்தி ஏற்றினாள்.

கிறிஸ்துமஸுக்கு ஃபபி வரவில்லை. "லீவு கெடைக்கலயாட்டி?" என்று ஜெசிந்தா போனில் கேட்டாள். "கெடைக்கும்மா. ஆனா வரணும்னு தோணல. ஈஸ்டருக்குப் பாக்கலாம்." சொல்லும்போது அவள் குரலில் கோபமோ சலிப்போ இல்லை. வெயிலடிக்கிறது என்று சொல்வதைப் போலச் சொன்னாள். ஜெசிந்தா இருவருக்குமாக ஊறவைத்த அரிசியை என்ன செய்வது என்று தெரியாமல் அடுப்படியில் நின்றாள். ஈஸ்டருக்கும் ஃபபி வரவில்லை.

மே மாதம், கூடம் எப்படி நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல நிறுவனம் ஜெசிந்தாவைக் கூப்பிட்டது. ஊழியர் நலம் பார்க்கும் சாருலதா ஒரு பெரிய திரையில் கோடுகளைக் காட்டினாள்.

"மேடம், நீங்க ஒரு மேஜிக் பண்ணியிருக்கீங்க. வேலைய விட்டுப் போறவங்க பாதியா குறைஞ்சுட்டாங்க. இதப் பாருங்க, தீபாவளி லீவு. முன்னாடியெல்லாம் அந்த வாரம் இந்த பில்டிங்ல ஈ காக்கா இருக்காது. போன தீபாவளிக்குப் பத்துப் பேர்ல ஆறு பேர் ஊருக்கே போகல. பொங்கலுக்கு ஏழு பேர். நாங்க யாரையும் நிறுத்தல. அவங்களாவே போகல."

"ஏன் போகலன்னு கேட்டீங்களா?"

"கேட்டோமே. வீட்டு ஞாபகம் வந்தா கீழ போய்ப் பத்து நிமிஷம் உக்காருவேன், சரியாயிடும்னு சொல்றாங்க. இன்னும் மூணு கட்டடத்துல இதையே பண்ணப்போறோம். நீங்கதான் பண்ணித்தரணும்."

ஜெசிந்தா திரையிலிருந்த கோடுகளை மறுபடி பார்த்தாள். யாருமே தடுக்கவில்லை. யாரையும் குறைசொல்ல முடியாது. ஏழு பேருக்கு ஏழு வீடு. ஏழு வீட்டிலும் பொங்கலன்று ஒரு இலை குறைவாகப் போட்டிருப்பார்கள். அதைக் காட்டும் கோடு அந்தத் திரையில் இல்லை.

மகளிடம் மாலை ஐந்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். நான்கு மணிக்கே கீழே இறங்கினாள். பூவரசு இப்போது தலைக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலை இடுக்கில் பார்த்தபோது, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் ஓர் இருக்கையில் ஃபபி கண்ணை மூடி உட்கார்ந்திருந்தாள். முகம் காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம் மாதிரி இருந்தது. கூப்பிட வாயெடுத்த ஜெசிந்தா நிறுத்திக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் ஃபபி எழுந்து, சோம்பல் முறித்து, லிஃப்டுக்குப் போனாள்.

ஆள் எழுந்தபிறகும் இரண்டு மூன்று நிமிடம் இருக்கை தான் கொடுப்பதைக் கொடுத்துக்கொண்டிருக்கும் என்று நிஜாமுதீன் சொன்னது நினைவுக்கு வந்தது. செய்வது சரியில்லை என்று தெரிந்தேதான் ஜெசிந்தா போய் அதில் உட்கார்ந்தாள்.

முதலில் கஞ்சி போட்ட பருத்திச் சேலையின் மணம் வந்தது. பிறகு அழிரப்பர் துகள், ஆறிப்போன காப்பி. காதருகே தாளின் மேல் அளவுகோல் நகரும் சத்தம். அதற்குமேல், ராகமும் இல்லாமல் பாட்டும் இல்லாமல் ஒரு பெண் முனகுகிற குரல். ஒரு கோடு வரைந்து முடியும் மட்டும் முனகல் நிற்கும், மறுபடி தொடங்கும். இடது பக்கமிருந்து, கொஞ்சம் உயரத்திலிருந்து வந்தது. மேசைக்குக் கீழே பாயில் படுத்திருக்கிற குழந்தைக்கு அப்படித்தான் கேட்கும்.

அது ஜெசிந்தாவேதான். யாரும் பதிவு செய்யாத அவள். நாடி இறங்குவதை மட்டும் பார்த்து, குருடன் தடவுவதைப் போலத் தடவித் தடவி அந்த இருக்கை அவளைச் செய்து வைத்திருந்தது.

ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் உடம்பு சிலிர்த்தது. பிள்ளை என்னைத்தான் தேடியிருக்கிறாள்! அந்தச் சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. முனகல் தேய்ந்து நின்றது. புன்னைப் பூவின் வாசம் மட்டும் மிஞ்சியது.

ஐந்து மணிக்கு ஃபபி வந்தாள். சிரித்தாள், கையைப் பிடித்தாள். எல்லாம் இருந்தது. ஆனால் ரயிலடியில் தற்செயலாகச் சந்தித்த பிரியமான ஒருத்தியிடம் பேசுவதைப் போலப் பேசினாள்.

"ஏட்டி, என்ன உனக்குத் தேடலியா?" என்று ஜெசிந்தா கேட்டேவிட்டாள்.

ஃபபி யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. "முந்தி ரொம்பத் தேடுச்சும்மா. வேலைய விட்டுட்டு வந்துருவோமான்னு இருக்கும். இப்பம் தேடல. கோவிச்சுக்கிடாத. உன்னப் புடிக்காம இல்ல. இங்க உக்காந்தா நீ பக்கத்துல இருக்க மாதிரியே இருக்கு. எழுந்திரிச்சா, போதும்னு இருக்கு."

"போதும்னு இருக்கு" என்று ஜெசிந்தா திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"ஆமா. நீயும் கவலப்படாம இருக்கலாம்லா?"

மறுநாள் காலை அவள் நிஜாமுதீனைப் பிடித்தாள். "இத கழத்திரணும் தம்பி. மரம் இருக்கட்டும், தண்ணி இருக்கட்டும். இத மட்டும் கழத்து. ரெண்டு வருசத்துக்குள்ள திருத்தம் சொல்ல எனக்கு ஒப்பந்தத்துல உரிமை இருக்கு. எழுதிக் குடுக்கேன்."

அவன் மறுத்துப் பேசவில்லை. "நானே எங்க வாப்பாவப் பாத்து எட்டு மாசமாச்சுக்கா" என்றான். "போன்ல, ஏம்ல வரலன்னு கேட்டாரு. வேற பேச்சு பேசிட்டு வச்சிட்டேன்."

பக்கத்தில் நின்ற காவலாளி தணிகாசலம் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். அரக்கோணத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். யாரும் கேட்காமல் எதுவும் பேசாத மனிதர். இப்போது தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"மேடம், எடுக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. ஊருக்குப் போக வேண்டியவங்க போகாம இங்கயே உக்காந்துர்றாங்க."

"நான் எங்க போறது மேடம்?" என்றார். "என் சம்சாரம் போய் நாலு வருசம் ஆவுது. டூட்டி முடிஞ்சா அந்த மூலை சீட்டாண்ட உக்காருவேன். வெங்காயம் நறுக்குற சத்தம் கேக்கும், வளையல் சத்தம் கேக்கும். அவ்ளோதான், வேற ஒண்ணும் இல்ல. அப்புறம் எழுந்து ரூமுக்குப் போய்த் தூங்கிடுவேன். அது வரதுக்கு முன்னாடி தூக்கமே கெடையாது. குடிச்சிட்டிருந்தேன். ஊருக்குப் போறவங்களுக்கு ஊரு இருக்குது. எனக்கு அந்த சீட்டுதான் இருக்குது."

ஜெசிந்தா நிஜாமுதீனைப் பார்த்தாள். "தேடுற ஆளு உசுரோட இருக்காங்களா இல்லையான்னு உன் இருக்கைக்குத் தெரியுமா?"

"தெரியாதுக்கா. அதுக்கு ரெண்டும் ஒரே நாடிதான்."

அவள் அன்று முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். இருக்கையில் உட்காராமல் வாய்க்கால் மேட்டிலேயே இருந்தாள். வந்தவர்களை எல்லாம் பார்த்தாள். இதில் யாருக்குப் போக வீடு இருக்கிறது, யாருக்கு இல்லை? வெளியூர்ப் பையன்கள், விவாகரத்தானவர்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள், வெயிலுக்கு ஒதுங்கிய ஆட்டோக்காரர். எல்லோரும் எழுந்திருக்கும்போது ஒரே முகத்தோடு எழுந்தார்கள். தனக்கு வலிக்கிறது என்பதற்காக இத்தனை பேருக்கும் வலியைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கை வரவில்லை. திருத்தக் கடிதத்தை எழுதினாள், அனுப்பவில்லை. அந்த மூன்று கட்டடங்களை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

ஊருக்குக் கிளம்புமுன் மகளிடம் ஒன்றைக் கேட்டாள். "பத்து நாள் மட்டும் அதுல உக்காராம இரு. பெறவு உன் இஷ்டம்."

"எதுக்கும்மா?"

"எனக்காக."

"சரி" என்றாள் ஃபபி, லேசாக.

மூன்று நாள் ஒன்றுமில்லை. நான்காம் நாள் ஃபபி கூப்பிட்டாள், பேசவில்லை, வைத்துவிட்டாள். ஆறாம் நாள் மறுபடி கூப்பிட்டாள். "மூச்சு முட்டுதும்மா. ஒரு வருசமா அடைச்சு வச்சது மொத்தமா வருது. எதுக்கு இப்படிப் பண்ணுன?" எட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து ஜெசிந்தா வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஃபபி பையோடு நின்றாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. கட்டிப்பிடிப்பாள் என்று நினைத்துக் கையை விரித்தாள் ஜெசிந்தா. ஃபபி அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"நல்லாத்தான இருந்தேன்! நான் நல்லாருந்தது உனக்குப் பொறுக்கலியா?"

மத்தியானம் வரை சண்டை. ஐந்து வயதில் காய்ச்சலோடு விட்டுவிட்டுக் கட்டட வேலைக்குப் போனது, பத்தாம் வகுப்பில் கையை ஓங்கியது, அப்பா வராத கிறிஸ்துமஸ்களில் அம்மா அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தது. ஜெசிந்தாவுக்கு மறந்தேபோனதெல்லாம் வந்தது. அவளும் விடவில்லை. பதிலுக்குப் பதில் சொன்னாள். சொல்லக்கூடாததையும் சொன்னாள். பிறகு இரண்டு பேருக்கும் பசித்தது. சோறும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டார்கள். ஃபபி படுத்து, விளக்கு வைக்கும் நேரம்வரை தூங்கினாள்.

மறுநாள் ரயில் நிலையத்தில், வண்டி கிளம்ப இரண்டு நிமிடம் இருக்கும்போது ஃபபி ஜன்னல் வழியாகக் கேட்டாள். "நான் திரும்ப அதுல உக்காரலாமாம்மா?"

வேண்டாம் என்று ஒரு வார்த்தை போதும். பிள்ளை கேட்பாள். ஆனால் அந்தக் கண்ணுக்குக் கீழே இருந்த கறுப்பைப் பார்த்துக்கொண்டு ஜெசிந்தாவால் அதைச் சொல்ல முடியவில்லை.

"உக்காரு மக்கா" என்றாள்.

வண்டி போனபிறகு நடைமேடையில் வெகுநேரம் நின்றாள். பிள்ளையை நானே அதற்குக் கொடுத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் ஃபபியிடமிருந்து எந்தத் தகவலும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் ஜெசிந்தாவுக்கு ஒரு கோடு நேராக வரவில்லை. முனகலும் வரவில்லை. மேசையில் உட்கார்ந்து முனகப் பார்த்தால், தன்னையே தான் நகலெடுப்பது போலக் கூச்சமாக இருந்தது.

ஒரு புதன்கிழமை நிஜாமுதீன் கூப்பிட்டான். "அக்கா, இத உங்ககிட்ட சொல்லலாமான்னு தெரியல. உங்க மவ இருக்கையில ஏதோ பிசகுன்னு புகார் குடுத்திருக்காங்க. பாத்தேன். இருக்கை நல்லாத்தான் இருக்கு. அவுங்க நாடிதான் அடங்க மாட்டேங்குது. முன்னாடி இருந்தது எதையும் உடம்பு எடுக்கல. அது புதுசு புதுசா என்னத்தையோ குடுத்துப் பாக்குது. நேத்து நூத்திப் பன்னெண்டு வகை குடுத்துச்சு. ஒண்ணும் ஆவல."

"அப்பம் என்ன செய்தா?"

"சும்மா உக்காந்திருக்காங்க. தினமும் வந்து உக்காருதாங்க. எழுந்திரிச்சுப் போறப்ப, வந்தத விட மோசமா போறாங்க. நான் என்ன செய்யட்டும்?"

ஜெசிந்தாவின் உள்ளே எங்கோ ஒரு சந்தோஷம் எழுந்தது. பிள்ளை தவிக்கிறாள் என்று கேட்டு எழுந்த சந்தோஷம். அவள் அதற்காக வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டும் அது போகவில்லை.

"ஒண்ணும் செய்யாத தம்பி" என்றாள்.

அடுத்த நாள் காலை விமானத்தில் போனாள். பதினொரு மணிக்குக் கூடத்துக்குள் நுழைந்தபோது தணிகாசலம் எழுந்து வணக்கம் சொன்னார். புன்னை மரத்தடியில் ஃபபி உட்கார்ந்திருந்தாள். கண்ணை மூடவில்லை. முழங்கை இரண்டையும் முட்டியில் ஊன்றி, ஓடுகிற தண்ணீரையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

நிழல் விழுந்ததும் நிமிர்ந்தாள். "எப்பம் வந்த?"

"இப்பம்தான்."

"சொல்லிட்டு வந்திருக்கலாம்லா?" குரலில் எரிச்சல் இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே கைப்பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

அந்த இருக்கை ஒருவருக்கானது. ஜெசிந்தாவே வரைந்த அளவு, ஒன்றேமுக்கால் அடி அகலம். இரண்டு பேர் உட்கார்ந்தால் இரண்டு பேருக்கும் பாதி உடம்பு வெளியே தொங்கும். அவள் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மகளின் தோளெலும்பு அவள் கையில் குத்தியது.

காலுக்கடியில் ஒன்றுக்கு இரண்டு நாடி பட்டதும் இருக்கை குழம்பியது. எலுமிச்சை வாசம் கொஞ்சம் விட்டது, ஏதோ ஒரு மணிச்சத்தம் கொடுத்தது, காற்றைக் கூட்டியது, குறைத்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டது.

"நகரும்மா, விழுந்துருவேன்" என்றாள் ஃபபி.

"நீ நகருட்டி" என்றாள் ஜெசிந்தா.

இரண்டு பேரும் நகரவில்லை.